பரங்கிக்காய்ப் பேயும் பாட்டியின் புளியமரமும்

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மகளுக்கு நாலரை, எல்.கே.ஜி. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், ஹாலோவீன் பண்டிகைக்காக வந்த, தன் பிள்ளைகள் பயமில்லாமல் பார்த்த ஒரு கார்ட்டூன் படத்தை என் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டச் சொன்னார். ஓ.டி.டி.யில் 7+ என்று போட்டிருக்கிறது. பூசணிக்காய்த் தலையோடு ஒரு பேய், ஊர்ப் பிள்ளைகள் அதனிடம் மாட்டிக்கொள்வது, கடைசியில் அந்தப் பேயே அவர்களுக்கு நண்பனாகிவிடுவது, இவ்வளவுதான் கதை. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மகள் பதினைந்து நிமிடம் தலையணைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து பார்த்துவிட்டு என் மடிக்கு ஓடி வந்துவிட்டாள். அன்றிலிருந்து இருட்டிவிட்டால் கொல்லைப்பக்கம் வரமாட்டேன் என்கிறாள். பக்கத்துத் தெருவில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முன்னால் தொங்குகிற திருஷ்டிப் பூசணிக்காயைக் கண்டால் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். ஆனால் தினமும் "அந்தப் படத்தைப் போடும்மா" என்றும் கேட்கிறாள்! என் மாமியார், "வருஷா வருஷம் மெலட்டூர் பாகவத மேளா நாடகத்துல நரசிம்மரைப் பார்க்குற குழந்தை, இதுக்கா பயப்படும்?" என்கிறார். (சாப்பிடாவிட்டால் பூசணித் தலையன் வருவான் என்று சொல்லித்தான் இப்போது ஊட்டுகிறார்.) கணவர் "குழந்தைங்க படம்தானே" என்று முடித்துக்கொள்கிறார். தீபாவளி லீவில் முழுப் படத்தையும் இரண்டு பேருக்கும் போடலாமா? இந்த மாதிரிப் படம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். மகன் பார்க்கட்டும். மகளுக்கு இந்தத் தீபாவளிக்கு வேண்டாம். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அவளே கேட்டால் யோசிக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் படம் நல்ல படமாகத்தான் தெரிகிறது. ஆனால் எட்டு வயதுக் கண்ணுக்குத் தெரிந்த படம் நாலரை வயதுக் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அவள் வேறு ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறாள்.

உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறீர்கள். அதில் உங்கள் மாமியார் கேட்டதுதான் நல்ல கேள்வி. இரணியன் குடலை உருவுகிற நரசிம்மரைப் பார்த்து வளரும் பிள்ளை, கேவலம் ஒரு காய்க்குப் பயப்படலாமா? அதற்குப் பதில் சொல்லும் முன்பு ஒரு பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரீட்டா டெவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வு ஒன்று 1969-இல் வெளியானது. மேனார்ட் என்று ஒரு சாதுவான பூனை. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் முதலில் அதைப் பார்த்துப் பழகினார்கள். பிறகு அதன் வாலும் பின்பக்கமும் மட்டும் தெரியும்படி முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு, பூனை முகத்தில் நாய் முகமூடி ஒன்றை மாட்டினார் டெவ்ரீஸ். வால் கண்ணெதிரிலேயே இருந்தது, பூனை எங்கேயும் போகவில்லை. இருந்தும் முகமூடியோடு அது திரும்பியதும், இப்போது இது என்ன என்று கேட்டால், மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் நாய் என்றார்கள். ஆறு வயதுக்காரர்களில் பெரும்பாலோர் பூனைதான், முகமூடி போட்டிருக்கிறது என்றார்கள்.

உங்கள் மகள் இந்த இரண்டு வயதுக்கும் நட்டநடுவில் நிற்கிறாள். காலையில் அவளுக்கு அது முகமூடி. ராத்திரி எட்டு மணிக்கு அது நாய். ஒரே நாளில் இப்படி மாறி மாறித் தோன்றுவது இந்த வயதின் இயல்பு. அதில் கோளாறு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோஆன் கேன்டர், படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவதைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்தவர். 1980-களில் அவரும் உடன் ஆராய்ந்தவர்களும் ஒரு கிழவியைப் பற்றிய சிறு படத்தைப் பல விதமாக எடுத்துக் காட்டினார்கள். ஒன்றில் பார்க்க லட்சணமானவள், ஒன்றில் அவலட்சணமானவள். சிலவற்றில் அன்பாக நடப்பாள், சிலவற்றில் கொடுமையாக. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் அவளை எடைபோட்டது பெரும்பாலும் முகத்தை வைத்து. வயது கூடக்கூடத்தான் நடத்தை முன்னுக்கு வந்தது. "கடைசியில் பேய் நண்பனாகிவிடும்" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. நமக்கு அது கதையின் முடிவு. அவளுக்கு அந்தத் தலை அந்தத் தலைதான், சிரித்தாலும் அழுதாலும். அதோடு அவள் கடைசி வரைக்கும் பார்க்கவும் இல்லையே. பதினைந்தாவது நிமிடத்தில் எழுந்து வந்தவளுக்கு அந்தப் பேய் இன்னும் நண்பனாகவே இல்லை.

சரி, மெலட்டூருக்கு வருவோம்.

பிரகலாத சரித்திரம் பார்க்க நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். நரசிம்மர் முகம் வெளிப்படும்போது பெரியவர்களுக்கே அடிவயிறு கலங்கும். என் அத்தை தன் புடவைத் தலைப்பை என் தலையில் போட்டு மூடினார், நான் அதன் ஓட்டை வழியாகப் பார்த்தேன். பயம்தான், நல்ல பயம். ஆனால் அந்தப் பயத்தைச் சுற்றி என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். உட்கார்ந்திருந்தது அத்தை மடியில். அந்த முகத்துக்கு எல்லோரும் கைகூப்பினார்கள். அது யாருக்காக வருகிறது? ஒரு சின்னப் பையனைக் காப்பாற்ற வருகிறது, அதாவது நம் கட்சி. கதை ஏற்கெனவே நூறு தடவை கேட்டது. வருஷத்தில் ஒரு ராத்திரி, அதோடு சரி. மறுநாள் காலை அந்தத் தெருவே தெருவாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், விடிய விடிய நடக்கும் நாடகத்தில் நரசிம்மர் வருகிற நேரத்துக்குப் பாதிப் பிள்ளைகள் ஜமக்காளத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகளும் அந்தப் பாதியில் சேர்த்தியா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்.

பாட்டிமார் சொல்லும் புளியமரத்துப் பேய்க் கதையும் இப்படித்தான். கதை சொல்கிற பாட்டியின் கண் முழுக்கக் குழந்தையின் முகத்தில் இருக்கும். குழந்தையின் உதடு கொஞ்சம் கோணினால் போதும், புளியமரத்துப் பேய்க்கு உடனே ஜலதோஷம் பிடித்துவிடும், நாலு தும்மல் போடும், சுக்குக் காப்பி கேட்கும். குழந்தை சிரித்ததும் பேய் மறுபடி கொஞ்சம் உறுமும். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் இழுப்பது என்று பாட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, குழந்தையின் முகமே சொல்லிக் கொடுத்தது. டி.வி.க்கு அந்தக் கண் கிடையாது. உங்கள் மகள் தலையணைக்குப் பின்னால் போனது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஆகவே ஒரு படம் ஏற்றதா இல்லையா என்பதில் பாதி, அது ஓடும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கடிதத்தில் இல்லை. அடுப்படியில் இருந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கார்ட்டூன் போடுவதே அதற்குத்தானே. குற்றம் சொல்லவில்லை, என் வீட்டிலும் அதே கதைதான்.

உங்கள் நாத்தனார் பிள்ளைகளுக்கு இந்தப் படம் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அக்டோபர் 31 அங்கே ஒரு விளையாட்டு நாள். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்துப் பழைய வழக்கம், நவம்பர் 1 அன்று வரும் சகல புனிதர் திருநாளோடு ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் அதைவிடப் பெரிதாக, குடைவதற்குச் சுலபமாகப் பரங்கிக்காய் கிடைத்தது. அங்குள்ள பிள்ளை அந்தக் காயைத் தன் வீட்டு மேஜையில் அப்பாவோடு சேர்ந்து குடைகிறது, விதையை அள்ளிக் கையெல்லாம் பிசுபிசுப்பாக்கிக்கொள்கிறது. சாயங்காலம் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறது. கதவைத் திறக்கிற பேய், எதிர்வீட்டு மாமா. கையில் மிட்டாய். இத்தனையும் அனுபவித்த பிள்ளைக்குப் படத்தில் வரும் பரங்கித் தலை பழைய சிநேகிதன்.

நம் பிள்ளைகளுக்கு மிட்டாய் வரவில்லை, பேய் மட்டும் வந்திருக்கிறது. அதுவும் எப்படி வந்திருக்கிறது? படத்தில் பார்த்த மறுநாள் வெளியே போனால், பக்கத்துத் தெருவில் நிஜமாகவே ஒரு பூசணிக்காய், கண்ணும் பல்லும் மீசையும் வரைந்து, கயிற்றில் தொங்குகிறது. அதைக் கட்டியவர்கள் விளையாட்டுக்குக் கட்டவில்லை. ஏதோ கெட்டது வரும், அதைத் தடுக்கக் கட்டியிருக்கிறார்கள். பெரியவர்களே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு செய்கிற காரியம் அது. உங்கள் மகள் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறாள். விடை தப்பு, ஆனால் கணக்குப் போட்ட விதம் தப்பே இல்லை. நாலரை வயதுக்குக் கெட்டிக்காரி.

இப்போது அந்த 7+ பற்றி. சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் கொடுப்பது போல ஓ.டி.டி.க்கு யாரோ உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகைபிரிப்பது அந்த நிறுவனங்களே. 7+ என்றால் ஏழு வயதுக்கு மேல் பார்க்கலாம், அதற்குக் கீழே என்றால் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்று பொருள். பூட்டுப் போடும் வசதி கட்டாயமாக்கப்பட்டிருப்பது 13+ முதல்தான். உங்கள் படம் பூட்டில்லாமல் ஒரே அழுத்தில் ஓடியிருக்கும். யூடியூபில் துண்டு துண்டாக வருகிற பேய்க் கார்ட்டூன்களுக்கு இந்த முத்திரையும் கிடையாது. ஒன்று முடிந்தால் தானாக அடுத்தது வரும், அடுத்தது எது என்று யாருக்கும் தெரியாது. தானாக ஓடும் அந்த வசதியை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். மற்றபடி 7+ என்பதைக் காய்கறிக் கடையில் எடைபோட்டுக் கொடுத்த சீட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எடை சரியாக இருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காய் ஒத்துக்கொள்ளுமா என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது நீங்கள் தனியாக ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முழுசாக உட்கார நேரமில்லையா, படத்தை ஓடவிட்டு அடுப்படியில் வேலை செய்யுங்கள், காதால் மட்டும் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளின் பயத்தில் முகத்தைப் போலவே சத்தத்துக்கும் பங்கு உண்டு. எத்தனை தடவை உங்கள் கை நின்றது, எத்தனை தடவை திடுக்கென்று திரும்பிப் பார்த்தீர்கள்? நீங்களே நாலு தடவை திரும்பியிருந்தால் நாலரை வயதுக்கு அது அதிகம்.

உட்கார்ந்து பார்க்கும்போது, கதை நல்ல கதையா என்று பார்க்காதீர்கள். முக்கியமாக மூன்று விஷயங்களைக் கவனிப்பேன் நான். தெரிந்த முகம் வேறு முகமாக மாறுகிறதா? நல்லவர் கண்ணெதிரே உருமாறுவதைப் போலச் சின்னப் பிள்ளைகளைக் குலைப்பது வேறில்லை, மாறியது நன்மைக்காக என்றாலும்கூட. அம்மா அப்பாவைப் பிரிந்து பிள்ளை தனியாக மாட்டிக்கொள்கிறதா? பெரியவர்கள் பேயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் அந்த அம்மா எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருப்பார்கள். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். மூன்றாவது, பேய் இருக்கும் இடம். எங்கேயோ மலைமேல் கோட்டையில் இருந்தால் படம் முடிந்ததும் அங்கேயே இருந்துவிடும். கட்டிலுக்கடியில், குளியலறையில், அலமாரிக்குள் இருந்தால் கூடவே வீட்டுக்குள் வந்துவிடும். உங்கள் மகள் கொல்லைப்பக்கம் போக மறுக்கிறாள் என்றீர்களே, படத்தில் தோட்டமோ பின்வாசலோ வருகிறதா என்று பாருங்கள். வரும் என்று நினைக்கிறேன்.

பயம் எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதும் ஒரு கணக்கு. உறுமல் கேட்டு, பத்து நொடியில் பூனை குதித்து, எல்லோரும் சிரித்துவிட்டால் அது கிச்சுகிச்சு மூட்டுவது மாதிரி. மூன்று நிமிடம் இருட்டு நடைபாதையில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டால் அது வேறு.

அப்புறம் நம் ஊர்ப் பருவம். அங்கே ஹாலோவீன் வரும் அதே அக்டோபர் கடைசியில் இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும். ஆறு மணிக்கே இருட்டு, வயலில் தவளைச் சத்தம், தென்னை மட்டை ஓட்டில் விழுகிற சத்தம், நடுவில் கரண்ட் கட். டெல்டாவில் பேய்ப் படம் பார்க்க இதைவிட மோசமான நேரம் கிடையாது. எந்தப் படமாக இருந்தாலும் பகலில், கதவைத் திறந்துவைத்து, பதினொரு மணி வெயிலில் பாருங்கள். தூங்கப் போகும் முன்பு வேண்டவே வேண்டாம். (இரண்டிலிருந்து ஐந்து வயது வரை எல்லாத் திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. இந்தப் படம் ஒன்றே அதை விழுங்கிவிடும், நினைவிருக்கட்டும்.)

பேய்க் கார்ட்டூன்களில் மின்னல் காட்சி நிறைய வரும். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் வந்துவிட்டன, பயப்பட வேண்டாம். ஆனாலும் அறையில் விளக்கு எரியட்டும், டி.வி.யிலிருந்து தள்ளி உட்காரட்டும்.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஏதோ போகிற போக்கில். சாப்பிடாவிட்டால் பூசணித் தலையன் வருவான் என்று சொல்லித்தான் ஊட்டுகிறார்கள் என்று. பதினைந்து நிமிடப் படத்தைவிட அந்த ஒரு வரி உங்கள் மகளை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது என்பது என் எண்ணம். யோசித்துப் பாருங்கள். படத்தில் பார்த்தது நிஜமா பொய்யா என்று அவளே அல்லாடிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில், வீட்டிலேயே மூத்தவர், அவள் உயிராக நம்புகிற பாட்டி, "ஆமாம், அவன் இருக்கிறான், கூப்பிட்டால் வருவான்" என்று சாட்சி சொல்கிறார். அதுவும் தினம் மூன்று வேளை. அதற்கப்புறம் நீங்கள் ராத்திரி "பேயெல்லாம் கிடையாதுடி" என்றால் அவள் யாரை நம்புவாள்?

பூச்சாண்டி நம் வீடுகளில் பழைய வேலைக்காரன்தான். நானும் பூச்சாண்டி ஊட்டிய சோற்றில் வளர்ந்தேன். மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "அத்தை, உங்க புளியமரத்துப் பேயைச் சொல்லுங்க, பூசணித் தலையனை மட்டும் விட்டுடுங்க, ராத்திரி தூங்க மாட்டேங்குறா" என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அவரே பேத்தியிடம் ஒரு தடவை, "நான் சும்மா சொன்னேன்டி தங்கம், அவன் வரமாட்டான்" என்று சொல்லட்டும். நீங்கள் பத்துத் தடவை சொல்வதைவிட அது பலிக்கும். சாட்சி சொன்னவரே வாபஸ் வாங்க வேண்டும்.

"பேய் கிடையாது" என்று மட்டும் சொல்லி இந்த வயதில் பயத்தை அடக்க முடியாது. பால் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் உடன் ஆராய்ந்தவர்களும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், நாலு, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள். இப்போது உள்ளே ஒரு முயல் இருப்பதாகவோ ஒரு பூதம் இருப்பதாகவோ கற்பனை செய்துகொள்ளுங்கள் என்றார்கள். எல்லாம் பாவனைதான் என்று பிள்ளைகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆய்வாளர் வெளியே போகக் கிளம்பியதும், பூதம் கிடைத்த சின்னப் பிள்ளைகளில் சிலர் அவரைப் போகவே விடவில்லை. உங்கள் மகளும் அப்படித்தான். பொய் என்று தெரியும், இருந்தாலும் நீங்கள் போகக்கூடாது. அதனால் வாதம் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், இழுத்து அணைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள், கொல்லைப்பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்று போட்டுவையுங்கள். கொஞ்ச நாளைக்குக் கையைப் பிடித்துக்கொண்டே போங்கள். "பயந்தாங்கொள்ளி" என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, விளையாட்டுக்குக்கூட.

சரி, பயப்படுகிறவள் ஏன் திரும்பத் திரும்பப் படத்தைக் கேட்கிறாள்? பல் ஆடினால் நாக்கு அங்கேயே போகிறதே, அது மாதிரி. அந்தப் பயத்தை எப்படியாவது தன் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறாள். ஆசை நல்ல ஆசைதான், படம் அதற்கு ஏற்ற கருவி இல்லை. கருவி உங்கள் ஊர்ச் சந்தையில் இருக்கிறது. ஒரு பரங்கிக்காய் வாங்குங்கள். படத்தில் வருவது இந்தப் பரங்கிதான், கட்டுகிற வீட்டில் தொங்குவது வெள்ளைப் பூசணி, இரண்டும் வேறு வேறு காய் என்பதையே முதலில் அவள் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பகலில் திண்ணையில் உட்கார்ந்து, கரிக்கட்டியால் அவளே அதற்குக் கண் மூக்கு வரையட்டும். எந்த மாதிரிக் கண் வேண்டும் என்பது அவள் இஷ்டம். ஓட்டைப் பல்லா, பாட்டி மாதிரிப் பல்லில்லாத வாயா? பேர் வைக்கட்டும், திட்டட்டும். சாயங்காலம் அதை அரிந்து கூட்டு வைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பயம் காட்டிய தலையனையே அவள் சாப்பிடுவதைப் பார்த்து உங்கள் மாமியாரும் சிரிப்பார்.

இரண்டு மூன்று வாரத்தில் இந்தப் பயம் தானாகவே தேயும். விளையாட்டில் அவளே பேயாக நடித்து அண்ணனைத் துரத்துகிறாள் என்றால் குணமாகிக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதம் தாண்டியும் தூங்கப் பயந்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்பினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-லும் தமிழில் பேசலாம். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடீரென்று அலறி, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல், காலையில் எதுவும் நினைவில்லாமல் இருந்தால் அது கெட்ட கனவில்லை, தூக்கத் திடுக்கம். எழுப்ப வேண்டாம், விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மந்திரிக்கக் கூட்டிப்போய் அங்கே இன்னொரு பயத்தை வாங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, கடிதத்தின் அடியில் பென்சிலில் "பேய் நிஜமா டாக்டர்?" என்று எழுதியிருந்தது உங்கள் மகன்தான் என்று நினைக்கிறேன். அவனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்:

தம்பி, பூசணித் தலையன் நிஜம் இல்லை. அவனை யாரோ சிலர் மேஜைமேல் உட்கார்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். ஒரு விநாடிக்கு 24 படம் என்று வேகமாக ஓடுவதால்தான் அவன் நடக்கிற மாதிரி தெரிகிறது. அடுத்த தடவை நீ பார்க்கும்போது, ரொம்பப் பயமாக இருக்கும் இடத்தில் ரிமோட்டில் நிறுத்தி, அவன் மூஞ்சியில் எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணிப் பார். தங்கச்சிக்கு இப்போது அந்தப் படம் வேண்டாம், அதற்குப் பதில் வேறு ஏதாவது கார்ட்டூனை நீயும் அவளும் சேர்ந்து பாருங்கள். அன்றைக்கு ரிமோட் அவள் கையில் இருக்க வேண்டும், அவள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நீ பிடுங்கக்கூடாது. எத்தனை தடவை நிறுத்தினாள், எந்தெந்த இடத்தில் என்று ஒரு தாளில் குறித்துவைத்து எனக்கு எழுது.